வெளிநாட்டு சம்மர் கேம்ப்பில் வாத்தியார்களை மேய்க்கும் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் பிறந்தால் போதும், என் வாட்ஸ்அப்பில் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வர ஆரம்பித்துவிடும். காலேஜ் தோழிகள், அக்கா மகள், அவளுடைய சிநேகிதிகள், செல்டா (ஆங்கிலம் சொல்லித்தர ஒரு பயிற்சிச் சான்றிதழ்) படிக்கலாமா என்று யோசிக்கும் முன்பின் தெரியாத பிள்ளைகள், அப்புறம் எல்லா வருஷமும் முதல் தடவை கேட்பது போலவே கேட்கும் என் பெரியம்மா. இங்கிலாந்தின் தெற்கே சசெக்ஸ் பக்கம், 2018-லிருந்து கோடைகால ஆங்கில முகாம்களில் ஆசிரியர்களுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். கொரோனாவால் வேலை இல்லாத இரண்டு வருஷத்தைக் கழித்தால் ஆறு கோடை. ஆளாளுக்கு வாய்ஸ் நோட் போட்டு மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

சம்மர் கேம்ப்னா நம்ம ஊர்ல மே மாசம் டிராயிங், கராத்தேன்னு நடத்துவாங்களே, அதுவா?

அதைவிடப் பெரிய சமாச்சாரம். பிள்ளைகள் ராத்திரியும் அங்கேயே தங்குவார்கள். இங்கிலாந்தின் போர்டிங் பள்ளிகள் ஜூலை, ஆகஸ்டில் காலியாகக் கிடக்கும். மொழிப் பள்ளி நிறுவனங்கள் அந்தக் கட்டடம், மைதானம், சாப்பாட்டுக்கூடம் எல்லாவற்றையும் வாடகைக்கு எடுத்து, எட்டு வயதிலிருந்து பதினேழு வயது வரையிலான வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து வைக்கும். பாதி நாள் ஆங்கில வகுப்பு, மீதி விளையாட்டு, வாரத்துக்கு ஒன்றிரண்டு ஊர்சுற்றல். ஒரு பிள்ளை பெரும்பாலும் இரண்டு வாரம் இருக்கும்.

எங்களிடம் இத்தாலிப் பிள்ளைகள்தான் அதிகம். அங்கே ஐஎன்பிஎஸ் என்ற அரசு சமூகப் பாதுகாப்பு நிறுவனம், அரசு ஊழியர்களின் பிள்ளைகள் கோடையில் வெளிநாடு போய்ப் படிக்க உதவித்தொகை தருகிறது. அது போக ஸ்பெயின், துருக்கி, சீனா, கஜகஸ்தான். 2021 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துப் பிள்ளைகளும் வெறும் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே வர முடியாது, பாஸ்போர்ட் வேண்டும் என்று ஆகிவிட்டது. 2019-ல் வந்த சில சின்ன ஊர்ப் பள்ளிக் குழுக்கள் அதற்கப்புறம் எங்கள் பக்கம் வரவே இல்லை.

நீ அங்க டீச்சரா, வார்டனா? சரியா என்னதான்டி வேலை?

இரண்டும் இல்லை. பதவிக்குப் பெயர் டைரக்டர் ஆஃப் ஸ்டடீஸ், வாயில் வருவது டி.ஓ.எஸ். முகாமில் மூன்று தலைகள் இருக்கும். மொத்தத்துக்கும் ஒரு சென்டர் மேனேஜர். விளையாட்டு, ஊர்சுற்றலுக்கு ஒரு ஆக்டிவிட்டி மேனேஜர். வகுப்புகளுக்கும் வாத்தியார்களுக்கும் நான். பிள்ளைகள் 160 பேர் இருந்தால் எனக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்கள்.

காகிதத்தில் என் வேலை பாடத்திட்டம், கால அட்டவணை, வகுப்புப் பிரிப்பு, ஆசிரியர்களைக் கவனித்துக் கருத்துச் சொல்வது. நடைமுறையில் பன்னிரண்டு பேர் ஆறு வாரம் படுத்துவிடாமல் ஓடவேண்டும், அதைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. யாருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, யார் இரண்டு நாளாகத் தனியாகச் சாப்பிடுகிறார், யார் யாரோடு பேசுவதை நிறுத்திவிட்டார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் பெரியம்மாவிடம் “பிள்ளைகளை வாத்தியார் பார்த்துக்குவாங்க, வாத்தியாரை நான் பார்த்துக்குவேன்” என்றேன். “கல்யாண மண்டபத்துல சமையல் மாஸ்டர் மாதிரியா?” என்றார். ஏறக்குறைய அதேதான்.

அதுக்கு என்ன படிச்சிருக்கணும் அக்கா? பி.எட். போதுமா?

ஆசிரியராக வர பட்டப்படிப்பும் செல்டா அல்லது டிரினிட்டி என்ற தேர்வு நிறுவனத்தின் அதே மாதிரிச் சான்றிதழான செர்ட் டீசோலும் கேட்பார்கள். செல்டா குறைந்தது 120 மணி நேரப் படிப்பு, அதில் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன்னால் பாடம் நடத்த வேண்டும். பின்வரிசையில் பயிற்சியாளர் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். பி.எட். கூடுதல் பலம்தான், ஆனால் அது மட்டும் வைத்து விண்ணப்பித்தால் “ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகச் சொல்லிக்கொடுத்த அனுபவம் உண்டா” என்று கேட்பார்கள்.

டி.ஓ.எஸ். ஆக, பிரிட்டிஷ் கவுன்சில் அங்கீகாரம் பெற்ற இடங்களில் டெல்டா போன்ற டிப்ளமோ நிலைத் தகுதி எதிர்பார்ப்பார்கள். நான் நான்கு வருஷம் வகுப்பெடுத்த பிறகுதான் டெல்டா முடித்தேன். அவசரப்பட வேண்டாம்.

இங்கிலீஷ்காரன் ஊர்லயே போய் நம்மாளு இங்கிலீஷ் சொல்லித்தர்றதா? ஒத்துக்குவாங்களா?

முதல் வருஷம் ஒரு குரூப் லீடர் (பிள்ளைகளோடு அவர்கள் நாட்டிலிருந்து வரும் பெரியவர்) என்னைப் பார்த்துவிட்டு, “உண்மையான ஆங்கில ஆசிரியர் எப்போது வருவார்” என்று கேட்டார். அப்போது சுருக்கென்றது. இப்போதெல்லாம் வரவேற்புக் கூட்டத்தில் நானே முதலில் எழுந்து, மூன்று நிமிஷம் பேசி, வகுப்புகள் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று. இலக்கணத்தை வெளியிலிருந்து கற்றவர்களுக்கு அது எங்கே இடறும் என்று தெரியும். எங்கள் ஆசிரியர்களிலேயே பலர், பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசுகிறவர்கள், ‘ஐ ஹேவ் பீன்’ ஏன் அங்கே வருகிறது என்று ஒரு பத்து வயதுப் பையன் கேட்டால் முழிப்பார்கள். முந்தின ராத்திரி என்னிடம் வந்து ரகசியமாகக் கேட்டுக்கொண்டு போவார்கள்.

காலையில எழுந்ததுலேர்ந்து ராத்திரி படுக்கற வரைக்கும் ஒரு நாளை அப்படியே சொல்லுங்களேன்.

ஆறே காலுக்கு எழுவேன். ஜூலையில் சூரியன் ஐந்து மணி வாக்கிலேயே வந்துவிடுவதால் எழுவது கஷ்டமில்லை. பிள்ளைகளைத் தூங்கவைப்பதுதான் கஷ்டம், ஒன்பதே காலுக்கும் வெளிச்சம் இருக்கும். ஏழு மணிக்கு ஆசிரியர் அறையைத் திறந்து அன்றைய மாற்றங்களை வெள்ளைப் பலகையில் எழுதுவேன்: இரண்டு பிள்ளைகள் இன்று ஊர் திரும்புகிறார்கள், ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல், நான்காம் அறையில் புரொஜெக்டர் வேலை செய்யவில்லை. ஏழரைக்குக் காலை உணவு. எட்டரைக்கு ஆசிரியர் கூட்டம், பத்து நிமிஷத்துக்கு மேல் போகவிடமாட்டேன்.

எட்டு நாற்பதிலிருந்து ஒன்பதே கால் வரைதான் நாளின் உச்சகட்டம். ஒரே ஒரு ஜெராக்ஸ் மிஷின், முன்னால் ஆறு ஆசிரியர்கள், எல்லோருக்கும் பதினான்கு பிரதி. முதல் ஆள் எடுக்கும்போதே பேப்பர் சிக்கும். இரண்டாவது தட்டைத் திறந்து, பச்சை நெம்புகோலைத் தூக்கி, அக்கார்டியன் மாதிரி மடிந்த தாளைக் கிழியாமல் உருவுவது எப்படி என்று அந்த முகாமில் எனக்கும் காவலாளிக்கும் மட்டும்தான் தெரியும். டெல்டாவில் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒன்பதே கால் முதல் பன்னிரண்டரை வரை வகுப்பு, நடுவில் ஒரு இடைவேளை. முதல் பத்து நிமிஷத்துக்குள் எல்லா அறையிலிருந்தும் வருகைப் பதிவு என் கைக்கு வந்துவிட வேண்டும். ஒரு பெயருக்கு நேரே கோடு இல்லையென்றால் அந்தப் பிள்ளை எங்கே என்று தெரியும் வரை நான் வேறு வேலை பார்க்க முடியாது. பத்தில் ஒன்பது தடவை படுக்கையில் தூங்கிக்கொண்டிருக்கும். மதியம் ஆசிரியர்களில் பாதிப் பேர் மைதானத்துக்குப் போவார்கள், நான் அறிக்கைகள், மறுநாள் அட்டவணை, புதிதாக வருகிறவர்களின் பட்டியல். ஆறு மணிக்கு இரவுச் சாப்பாடு. ஸ்பெயின் பிள்ளைகளுக்கு அது மாலைச் சிற்றுண்டி நேரம், ஒன்பது மணிக்கு மறுபடி பசிக்கிறது என்று வரிசையில் நிற்பார்கள். ஏழரைக்கு டிஸ்கோ, வினாடி வினா, நாடகம் என்று ஏதாவது. பத்தரைக்கு விளக்கணைப்பு. அதற்கப்புறம் ஆசிரியர் அறையில் ஒரு டீ. பகலில் சொல்ல முடியாததை யாராவது ஒருவர் வந்து சொல்வது அந்த நேரத்தில்தான்.

ஞாயித்துக்கிழமை வந்து இறங்குற புள்ளைங்களை திங்கக்கிழமையே எப்படி வகுப்பு பிரிப்பீங்க?

திங்கள் காலை எல்லோருக்கும் ஒரு தேர்வு: சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் இலக்கணக் கேள்விகள், அரைப்பக்கம் எழுத்து, பிறகு ஒரு ஆசிரியரோடு மூன்று நான்கு நிமிஷம் பேச்சு. அதை வைத்து ஏ1 (தொடக்கநிலை) முதல் ஏ2, பி1, பி2 என்று ஏறி சி1 (சரளம்) வரை தரம் பிரித்து, வயதையும் நாட்டையும் பார்த்து அடுக்க வேண்டும். ஒரே வகுப்பில் ஒன்பது வயதும் பதினாறு வயதும் இருக்கக்கூடாது, தரம் ஒன்றாக இருந்தாலும் சரி. ஞாயிறு விமானம் தாமதமாகி ராத்திரி ஒரு மணிக்கு வந்த பிள்ளையின் தேர்வுத்தாளை அப்படியே நம்பவும் கூடாது.

எழுத்தில் பி2 வாங்கும் பிள்ளை பேச்சில் வாயே திறக்காது. சீனப் பிள்ளைகளில் இது நிறைய. எழுத்தில் ஏ2 வாங்கிய ஸ்பெயின் பையன் வாய் ஓயாமல் பேசுவான். நான் பேச்சுக்குத்தான் அதிக எடை கொடுப்பேன். இரண்டு வாரத்தில் எழுத்தை மாற்ற முடியாது, வாயைத் திறக்கவைக்க முடியும். திங்கள் மதியம் பட்டியல் ஒட்டினால் அரை மணியில் குரூப் லீடர்கள் வருவார்கள், “இவளும் அவளும் உயிர்த்தோழிகள், ஒரே வகுப்பில் போடுங்கள்” என்று. புதன் வரை பொறுங்கள் என்பேன். புதன்கிழமைக்குள் பாதிப் பேருக்கு வேறு உயிர்த்தோழி கிடைத்துவிடுகிறாள். அடுத்த ஞாயிறு புதுக்கூட்டம் வரும், எல்லாவற்றையும் மறுபடி கலைத்து அடுக்க வேண்டும்.

டீச்சர் பாடம் நடத்தும்போது பின்னாடி போய் உக்கார்றது வேவு பாக்கற மாதிரி இல்லையா சித்தி?

எப்படி உட்காருகிறோம் என்பதைப் பொறுத்தது. முதல் வாரத்துக்குள் ஒவ்வொருவரையும் ஒரு தடவை முழுதாகப் பார்ப்பேன். நாள், நேரம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அதுபோக, ஐந்து நிமிஷம் எட்டிப் பார்ப்பது எந்த நாளும் உண்டு.

ஒரு கோடையில் செல்டா முடித்த கையோடு வந்த இருபத்திரண்டு வயதுப் பெண். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் பதிமூன்று பேர். நான் கருத்து எழுதுவதில்லை, நேரமும் நடந்ததும் மட்டும் எழுதுவேன். அன்றைய என் குறிப்பு இப்படி இருந்தது: “9.20 பலகையில் விதி. 9.26 இன்னும் விதி. 9.29 துருக்கிப் பையன் அழிரப்பரைத் துருவுகிறான். 9.33 துருவல் இப்போது ஒரு சிறு மலை, பக்கத்துப் பெண் அதை ஊதுகிறாள். 9.34 நீங்கள் முதல் கேள்வி கேட்கிறீர்கள்.” இடைவேளையில் மைதானத்து ஓரம் மரத்தடியில் உட்கார்ந்து அதைப் படித்துக் காட்டினேன். அவள் முதலில் சிரித்தாள், பிறகு கண் கலங்கிவிட்டது. “பதினான்கு நிமிஷமா பேசினேன்?” என்றாள். நான் வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் ஒரு துணிப்பையில் சாவி, எலுமிச்சம்பழம், சாக்ஸ், தேக்கரண்டி என்று போட்டு எடுத்துக்கொண்டு போனாள். கையைவிட்டுத் தொட்டுப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அந்த அறையின் சத்தம் என் அறை வரை கேட்டது.

உங்களைவிட இருபது வயசு பெரியவங்களுக்கு எப்படிக் குறை சொல்றது? நமக்கு வாயே வராதே.

எனக்கும் வராது. இங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அதுவே முதல் கோடையில் எனக்குத் தொண்டையில் மாட்டிக்கொண்டது. நம்மூரில் என்றால் “சார்” என்று ஆரம்பித்து நயமாகக் கொண்டுபோகலாம். அந்தப் படிக்கட்டு இங்கே இல்லை.

நான் கண்டுபிடித்தது, முதலில் அவர்களிடம் ஏதாவது கேட்பது. முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்த ஒருவர், பிள்ளைகள் பேசவே இடம்விடாமல் அடக்கி வைத்திருந்தார். “உங்கள் வகுப்பு எப்படி இவ்வளவு அமைதியாக இருக்கிறது? புது ஆசிரியர்களுக்கு இருபது நிமிஷம் சொல்லித்தருகிறீர்களா?” என்று கேட்டேன். சொல்லித்தந்தார். பதிலுக்கு, ஜோடி ஜோடியாகப் பேசவிடும் அந்தப் புது ஆசிரியர் ஒருவரின் வகுப்பை அவர் போய்ப் பார்க்க ஏற்பாடு செய்தேன். குறை என்று நான் எதையும் சொல்லவே இல்லை. இது எல்லோரிடமும் பலிக்காது. சிலரிடம் நேராகத்தான் சொல்ல வேண்டும், தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு.

ஒரு டீச்சர் காலையில வரலைன்னா?

நான்தான் போவேன். என் பையில் எப்போதும் எந்தத் தரத்துக்கும் ஓடக்கூடிய இரண்டு பாடம் இருக்கும். ஒரே நாளில் இருவர் வரவில்லையென்றால் வகுப்புகளைச் சேர்ப்போம், ஆனால் ஒரு அறையில் பதினாறுக்கு மேல் போகாது. மூன்று பேர் ஒரே நாளில் படுத்தது ஒரே ஒரு தடவை. வயிற்றுப்போக்கு. அன்று சென்டர் மேனேஜர் ஏ1 வகுப்புக்குப் பழங்களின் பெயர் சொல்லிக்கொடுத்தார், மூன்று மணி நேரமும் பழங்களின் பெயர்.

புள்ளைங்களை அடிக்கவும் கூடாது, கத்தவும் கூடாதுன்னா எப்படி அடக்குவீங்க?

வேலை கொடுத்துத்தான். சும்மா இருக்கிற பிள்ளைதான் குறும்பு செய்யும். மீறினால் படிகள் உண்டு: ஆசிரியர் எச்சரிக்கை, பிறகு என்னிடம், பிறகு குரூப் லீடர், பிறகு ஊரில் இருக்கும் பெற்றோருக்கு போன். நான்காவது படிக்கு ஆறு கோடையில் மூன்று தடவைதான் போயிருக்கிறேன். இத்தாலிப் பையன்களுக்கு “அம்மாவுக்கு போன் போடவா?” என்று கேட்டாலே போதும், நம்ம பையன்கள் மாதிரிதான்.

அடக்குவதைவிடப் பெரிய விஷயம் பாதுகாப்பு விதிகள். ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் ஆசிரியர் தனியாக இருக்கக்கூடாது. சொந்த போனில் படம் எடுக்கக்கூடாது. இன்ஸ்டாகிராமில் சேர்த்துக்கொள்ளக்கூடாது. ஒரு பிள்ளை “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, ஒண்ணு சொல்றேன்” என்றால் சத்தியம் பண்ணக்கூடாது. “உன் பாதுகாப்புக்குத் தேவைன்னா ஒருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும்” என்று முதலிலேயே சொல்லிவிட்டு, குறுக்குக் கேள்வி கேட்காமல் கேட்டு, பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். புது ஆசிரியர்களுக்கு இதை நடித்துக் காட்டிப் பயிற்சி கொடுப்பேன். நல்ல மனசுக்காரர்கள்தான் முதலில் சத்தியம் பண்ணிவிடுவார்கள்.

போலீஸ் சர்டிஃபிகேட் எல்லாம் கேக்கறாங்களாமே?

ஆமாம். இங்கிலாந்து, வேல்ஸில் டி.பி.எஸ். என்ற குற்றப் பின்னணிச் சோதனை. பிள்ளைகளோடு வேலை என்பதால் அதிலும் விரிவான வகை. வெளிநாட்டில் வாழ்ந்தவர்களிடம் அந்த நாட்டுக் காவல்துறைச் சான்றும் கேட்பார்கள், நம்மவர்கள் இந்தியாவிலிருந்து பி.சி.சி. வாங்க வேண்டும். வேலையில் இல்லாத இடைவெளிகளுக்கும் விளக்கம் கேட்பார்கள். ‘2017-ல் எட்டு மாதம் எங்கே இருந்தீர்கள்’ என்றால் கோபப்படாதீர்கள், எல்லோரிடமும் கேட்பதுதான். ஜூலை வேலைக்கு ஏப்ரலிலேயே எல்லாத் தாளையும் தயார் பண்ணிவிடுங்கள்.

டீச்சருங்கல்லாம் ராத்திரி குடிப்பாங்களாமே? நீ எப்படிம்மா அவங்களோட இருக்க? (பெரியம்மா)

முகாம் எல்லைக்குள் குடி கிடையாது, பெரியம்மா. லீவு நாளில் ஊருக்குள் போய்க் குடிப்பது அவர்கள் இஷ்டம். மறுநாள் காலை எட்டரைக்கு நிதானமாக வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு. நான் லெமனேட்.

சாப்பாடு?

உருளைக்கிழங்கு. சில நாள் வேறு வடிவத்தில் உருளைக்கிழங்கு. சைவம், ஹலால், பசையம் இல்லாதது எல்லாம் தனித்தனியாக உண்டு, யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். ஊர்சுற்றும் நாளில் பொட்டலம்: ஒரு சாண்ட்விச், சிப்ஸ், ஒரு ஆப்பிள். நான் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் ஒன்று கொண்டுபோவேன். இரண்டாவது வாரத்தில் ஆசிரியர்கள் பாதிப் பேர் அதற்கு அடிமை.

அங்கெல்லாம் ஜில்லுனு இருக்குமே, கொடுத்து வெச்சவ!

2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் கோனிங்ஸ்பி என்ற இடத்தில் 40.3 டிகிரி பதிவானது, இந்த நாட்டிலேயே அதுவரை இல்லாத வெயில். எங்கள் பக்கம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் விடுதி ஜன்னல்கள் பாதுகாப்புக்காகக் கையளவுதான் திறக்கும், சுவர்கள் குளிருக்காகக் கட்டியவை. வெயில் ஊர்க்காரி என்று எல்லோரும் என்னிடம் யோசனை கேட்டார்கள். “ஃபேன் போடுங்கள்” என்றேன். ஃபேனே கிடையாது. கடைசியில் பகலில் திரையை மூடச்சொல்லி, வகுப்பையெல்லாம் மரத்தடிக்கு மாற்றினேன். மதிய விளையாட்டு ரத்து.

சம்பளம் எவ்வளவுன்னு வெளிப்படையா சொல்ல முடியுமா?

வாரச் சம்பளமாகப் பேசுவார்கள், தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்து. பிரிட்டனில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் 2025 கோடையில் மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. தங்குமிடம் கொடுத்தால் அதற்காக நாளுக்கு இவ்வளவு வரைதான் அந்தக் கணக்கில் கழிக்கலாம் என்று ஒரு வரம்பும் உண்டு, அப்போது அது 10.66 பவுண்டு. ஆகவே வாரத் தொகையைப் பார்த்து மயங்காமல், எத்தனை மணி நேர வேலை என்று கேட்டு வகுத்துப் பாருங்கள். விடுதிக் காவல், ஊர்சுற்றல், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நேரம் எல்லாம் அந்த மணிக்கணக்கில் வருகிறதா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு சட்டப்படி உண்டு, அல்லது இரண்டு வாரத்தில் இரண்டு நாள். என் ஆசிரியர்கள் லீவு நாளில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தால் விரட்டிவிடுவேன்.

சென்னையிலேர்ந்து நேரா இந்த வேலைக்கு வர விசா கிடைக்குமா?

முகாம் வேலைக்கென்று தனி விசா இல்லை. சுற்றுலா விசாவில் வந்து வேலை செய்யவும் முடியாது. 18 முதல் 30 வயது வரையிலான பட்டதாரி இந்தியர்களுக்கு ‘இந்தியா யங் புரொஃபஷனல்ஸ்’ என்ற திட்டம் இருக்கிறது. வருஷத்துக்கு 3,000 இடம், குலுக்கலில் தேர்வு, கையில் 2,530 பவுண்டு சேமிப்பு காட்ட வேண்டும், இரண்டு வருஷம் வரை இருந்து வேலை பார்க்கலாம். அதில் வந்த ஒரு கோயம்புத்தூர்ப் பெண் எங்களிடம் ஒரு கோடை பாடம் நடத்தினாள். முகாமுக்காக மட்டும் இவ்வளவு செலவு செய்து வராதீர்கள். ஆறு வாரத்தில் முடிந்துவிடும் வேலை.

நான் லண்டனிலதான் மாஸ்டர்ஸ் படிக்கிறன் அக்கா. சம்மர்ல முழுநேரமா செய்யலாமோ?

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான். இளங்கலை மாணவர்களுக்குக் கோடை என்பது விடுமுறைக் கணக்கு, முழுநேரம் செய்யலாம். ஒரு வருஷ முதுகலையில் இருப்பவர்களுக்கு அப்படியில்லை, நீங்கள் ஆய்வேடு எழுதும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களும் படிப்புக் காலம்தான். தங்கிவேலை என்றால் 20 மணி நேரம் புதன்கிழமைக்கே தாண்டிவிடும். பகலில் மட்டும் வந்து வகுப்பெடுத்துப் போகும் ஆசிரியர்களையும் சில முகாம்கள் எடுக்கின்றன, வாரத்துக்கு 15 மணி நேர வகுப்பு. அதைக் கேட்டுப் பாருங்கள், ஆனால் பல்கலைக்கழகத்திலும் ஒரு வார்த்தை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

டூர் கூட்டிட்டுப் போற இடத்துல ஒரு புள்ளை காணாமப் போனா?

போயிருக்கிறது. லண்டன், கோவென்ட் கார்டன், ஒரு பதிமூன்று வயதுப் பையன். ஆசிரியர் எண்ணினார், பதினான்கு தலை சரியாக இருந்தது. பக்கத்துக் குழுவின் பிள்ளை ஒன்று அந்தப் பதினான்கில் நின்றது, அவன் இல்லை. எனக்கு போன் வந்தபோது நான் முகாமில். மற்ற பிள்ளைகளை நிறுத்தி வைக்க ஒருவர், கடைசியாகப் பார்த்த இடத்துக்கு ஒருவர், பஸ் நிற்கும் இடத்துக்கு ஒருவர் என்று பிரித்து அனுப்பினோம். இருபத்தைந்து நிமிஷம். அவன் பஸ் பக்கத்தில் நடைபாதையில் உட்கார்ந்து தன் ஆப்பிளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். “தொலைந்தால் பஸ்ஸுக்கு வா என்று காலையில் சொன்னீர்களே” என்றானாம்.

அவன் செய்தது சரிதான். அன்று ராத்திரி அந்த ஆசிரியருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் விசாரணை எதுவும் வைக்கவில்லை, மறுநாள் அறிக்கையை இருவரும் சேர்ந்து எழுதினோம். அடுத்த வாரத்திலிருந்து வெறும் தலை எண்ணிக்கை கிடையாது, பெயர் கூப்பிட வேண்டும், பிள்ளை கை தூக்க வேண்டும்.

பல நாட்டுப் பசங்க ஒரே இடத்துல, சண்டை வராதா?

கால்பந்து தவிர வேறெதற்கும் பெரிதாக வந்ததில்லை. 2024 ஜூலை 14, யூரோ இறுதி ஆட்டம், ஸ்பெயினும் இங்கிலாந்தும். முகாமில் ஸ்பெயின் பிள்ளைகள் நாற்பது பேர், ஆசிரியர்கள் முக்கால்வாசி ஆங்கிலேயர். ஸ்பெயின் 2-1. சாப்பாட்டுக்கூடத்து மேஜைகள் அதிர்ந்தன. ஆட்டம் முடிந்ததும் விளக்கணைப்பு நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆசிரியர்களே சோர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அன்று விடுதிக் காவலுக்கு நானும், ஆட்டத்தில் அக்கறையே இல்லாத ஒரு வேல்ஸ்காரரும். திங்கள் காலை பி1 வகுப்பில் கடந்தகால வினைச்சொற்கள் சரளமாக வந்தன.

ரெண்டு வாரத்துல இங்கிலீஷ் வந்துடுமா? உண்மையைச் சொல்லு.

வராது. அதுவும் மேலே சொன்ன மாதிரி, ஒரு வகுப்பில் பதினான்கில் எட்டுப் பேர் இத்தாலியர் என்றால் அவர்களுக்குள் இத்தாலியன்தான். இருக்கையை நாடு கலந்து போடுவேன், அறையைக் கலந்து போடச் சொல்வேன். பெற்றோர் ஏஜென்டிடம் “நண்பனோடு ஒரே அறை” என்று பணம் கட்டியிருப்பார்கள், அங்கே என் கை கட்டப்பட்டுவிடும்.

வருவது என்னவென்றால், பேசிப் பார்க்கும் துணிச்சல். சில குழுக்கள் டிரினிட்டியின் ‘ஜி.இ.எஸ்.இ.’ பேச்சுத்தேர்வுக்கு உட்காரும். மொத்தம் பன்னிரண்டு நிலை, தேர்வாளர் முகாமுக்கே வந்து ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேசுவார். முதல் நாள் பெயரைக்கூடச் சொல்லாத ஒரு கஜகஸ்தான் பெண், தன் தாத்தாவின் குதிரைகளைப் பற்றித் தேர்வாளரிடம் பேசிவிட்டு வெளியே வந்து, “நேரம் போதவில்லை” என்று ஆங்கிலத்தில் குறைசொன்னாள். அவள் எழுத்துத் தேர்வை மறுபடி வைத்திருந்தால் அதே மதிப்பெண்தான் வாங்கியிருப்பாள்.

இன்ஸ்பெக்‌ஷன் வருமாமே?

பிரிட்டிஷ் கவுன்சில் அங்கீகாரம் இருந்தால் வரும். வகுப்புகளில் உட்காருவார்கள், ஆசிரியர் கோப்புகளைப் புரட்டுவார்கள், பிள்ளைகளிடம் பேசுவார்கள். நான் ஆசிரியர்களைப் பார்த்தேனா, பார்த்ததை எழுதினேனா, எழுதியதை அவர்களிடம் பேசினேனா என்பது எனக்கான கேள்வி. துருவிய அழிரப்பர் மலை பற்றிய குறிப்பை ஒரு ஆய்வாளர் படித்துச் சிரித்தார்.

யாரையாவது வேலையை விட்டு அனுப்பியிருக்கீங்களா?

ஒருவரை. திறமையான ஆசிரியர், வகுப்பில் பிள்ளைகள் அவர்மேல் உயிராக இருந்தார்கள். ஒரு மாணவிக்கு இன்ஸ்டாகிராமில் செய்தி அனுப்பினார். அதில் தப்பான வார்த்தை ஒன்றும் இல்லை, ‘நாளைக்கு உன் பிரசன்டேஷன் நன்றாக வரும்’ அவ்வளவுதான். விதி மேலே எழுதியிருக்கிறேன், அவருக்கும் முதல் நாளே கையெழுத்து வாங்கிச் சொன்னோம். முடிவெடுத்தது சென்டர் மேனேஜரும் பாதுகாப்புப் பொறுப்பாளரும், ஆனால் அவரிடம் சொல்லும்போது நானும் அறையில் இருந்தேன். “என்னைத் தெரியாதா உங்களுக்கு?” என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த விதி, ஆளைத் தெரியும் என்கிற நினைப்பை நம்பாமல் இருக்கத்தான். இதைத் தப்பு என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு இன்னும் இருக்கிறார்கள்.

அன்று மதியம் அவர் பெட்டியோடு டாக்ஸி ஏறினார். மறுநாள் அவருடைய வகுப்பை நான் எடுத்தேன். அவர் எங்கே என்று பதினான்கு பேரும் கேட்டார்கள். “ஊருக்குப் போக வேண்டியிருந்தது” என்றேன்.

அடுத்த வருஷமும் போவியா?

ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசியிலும் மாட்டேன் என்றுதான் சொல்கிறேன். கடைசி பஸ் போனதும் ஆசிரியர் அறையைக் காலிசெய்ய வேண்டும்: எழுதாத மார்க்கர்களைத் தனியே பிரிப்பது, யாரும் உரிமை கொண்டாடாத ஏழு தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு, ஊறுகாய் பாட்டிலின் அடியில் கொஞ்சம் எண்ணெய். ஜெராக்ஸ் மிஷினுக்கு மேலே, பேப்பர் சிக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாள் எழுதி ஒட்டிவிட்டு வருவேன். ஜூலையில் திரும்பப் போகும்போது அது அங்கே இருக்காது.